சிக்ஸ்டன் எக்லுண்டின் ஒரே வாசகர்

கோதன்பர்க் நகரத்து டிராம்களில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் சிக்ஸ்டன் எக்லுண்ட். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பவனிடம் டிக்கெட் இருக்காது என்பது அந்த உத்தியோகத்தில் அவர் கண்ட பேருண்மை. ஓய்வு பெற்ற பிறகு இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் துப்பறியும் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். இணையத்தில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் கூடும் ஒரு தளத்தில், வியாழன்தோறும் காலை சரியாகப் பத்து மணிக்கு ஓர் அத்தியாயம்.

ஓர் அத்தியாயத்தைப் படிக்கப் பதினோரு நிமிடம் ஆகும். கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் வெளியிட்ட நான்காவது நொடியிலேயே சிவப்பு இதயங்கள் வந்து விழும். "அருமை!" "கண் கலங்கிவிட்டது!" பிணத்தைக் கண்டெடுக்கும் அத்தியாயத்துக்கு ஒருவர், "என் ஞாயிற்றுக்கிழமையை இனிமையாக்கிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார்.

எல்லாம் டிக்கெட் இல்லாமல் ஏறிய கூட்டம் என்று சிக்ஸ்டனுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலைக் காப்பிக்கு முன்னால் அவரும் நாற்பது பேருக்கு இதயம் போடுவார். அது வேறு. அது சமூகக் கடமை. அதற்கெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியுமா?

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் இதயமே போடுவதில்லை. 'பேரிக்காய் 52' என்று பெயர். நான்காம் அத்தியாயத்தின் கீழே அது முதன்முதலாக எழுதியது: "துணி உலர்த்தும் இயந்திரம் வேலை முடிந்தால் மூன்று முறை கூவாது. நான்கு முறை. சரிபார்க்கவும்."

சிக்ஸ்டனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அதே கோபத்தோடு கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறைக்கு இறங்கிப் போய், வெறும் இயந்திரத்தை ஓடவிட்டு எண்ணினார். நான்கு முறை.

அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. ஒரு மனித ஜீவன் வரிவரியாகப் படித்திருக்கிறது! அதன் பிறகு வியாழக்கிழமைகளில் இலவங்கப்பட்டை ரொட்டியைக்கூடத் தொடாமல் பேரிக்காய்க்காகக் காத்திருந்தார். அது வராவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்யில்லை.

மகிழ்ச்சி ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் சந்தேகம் வந்தது. கதையில் வரும் சலவை அறை, அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் சலவை அறைதான். அந்த இயந்திரம் நான்கு முறை கூவுவது பேரிக்காய்க்கு எப்படித் தெரியும்?

முதலில் அக்கா மாய்க்கன் மேல் சந்தேகம். போன மழைக்காலத்தில் வந்து தங்கியபோது துணி துவைத்தவள். பரிதாபப்பட்டுப் படிக்கிறாளோ? தொலைபேசியில் கேட்டே விட்டார்.

"அக்கா, பேரிக்காய் நீதானே?"

"என்னடா உளர்ற? குடிச்சிருக்கியா?"

"என் கதையப் படிக்கிறியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"முதல் பக்கம் படிச்சேன். நல்லாத் தூக்கம் வந்துச்சு. டாக்டர் தூக்க மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு."

"அப்ப நீ போட்ட அந்த இதயம்?"

"மூக்குக்கண்ணாடியத் தேடுனப்ப விரல் பட்டுடுச்சுடா."

அக்கா இல்லை. அப்படியானால் இந்தக் கட்டடத்தின் பதினான்கு வீடுகளில் ஒன்று. சிக்ஸ்டன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். ஏனென்றால் கதையின் முதல் அத்தியாயத்தில் உலர்த்தும் இயந்திரத்தருகே செத்துக் கிடப்பவள் குடியிருப்போர் சங்கத் தலைவி. உயிரோடு இருக்கும் தலைவி முதல் மாடி யோர்டிஸ். சலவை அறைச் சுவரில் "உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் துணிப்பஞ்சை எடுக்காத அந்த ஒருவருக்கு!" என்று சிவப்புக் கோடிட்டுச் சீட்டு ஒட்டுபவள். பதினோரு வருடமாக அந்த ஒருவர் சிக்ஸ்டன்தான். கதையில் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று அவளுடைய நீல மூக்குக்கண்ணாடியைப் பச்சையாக மாற்றியிருந்தார். சட்டப்படி அது போதும் என்று நம்பினார். பேரிக்காய் போய் யோர்டிஸிடம் சொல்லிவிட்டால்? ஆண்டுக் கூட்டத்தில் நிற்கவைத்துத் தொடரை நிறுத்தச் சொன்னால்?

ஆளைப் பிடித்தே தீருவதென்று வலை விரித்தார். பதினோராம் அத்தியாயத்தில், கொலைகாரனின் சட்டைப் பொத்தான் விரிப்புகளை அழுத்தும் உருளை இயந்திரத்துக்குப் பின்னால் கிடப்பதாக எழுதினார். பேரிக்காயால் சரிபார்க்காமல் இருக்க முடியாது. முன்கூட்டியே நேரம் பதிவு செய்துதான் அந்தச் சலவை அறையில் துவைக்க முடியும்; வியாழன் பத்து மணிக்கு யாரும் பதிவு செய்திருக்கவில்லை. தன் படுக்கை விரிப்புகளைக் கொடியில் தொங்கவிட்டு, அவற்றின் பின்னால் நின்றபடி கைப்பேசியிலிருந்தே பத்து மணிக்கு அத்தியாயத்தை வெளியிட்டார்.

பத்து இருபதுக்குக் கதவு திறந்தது. கையில் துணிக்கூடை இல்லாமல், கைப்பேசியோடு நுழைந்தது யோர்டிஸ்.

சிக்ஸ்டன் மூச்சை அடக்கினார். அவள் விரிப்புகளை முறைத்து, "நேரம் முடிஞ்சும் தொங்குது பாரு" என்று முணுமுணுத்தாள். பிறகு முட்டி போட்டு, உருளைக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தாள். "இந்தச் சந்துல பொத்தான் எப்படி நுழையும்? காகிதம்கூட நுழையாது." எழுந்து கைப்பேசியில் ஏதோ தட்டினாள்.

சிக்ஸ்டனின் சட்டைப்பையில் கைப்பேசி மணி அடித்தது.

விரிப்பு விலகியது.

"வாங்க இன்ஸ்பெக்டர் சார்," என்றாள் யோர்டிஸ். "இங்க யாரு டிக்கெட் இல்லாம வர்றாங்கன்னு பாக்குறீங்களா?"

சிக்ஸ்டன் திருடன் மாதிரி விழித்தார். ஆனாலும் பழைய உத்தியோகம் பேசியது. "என்மேல புகார் எழுதத்தானே படிக்கிறீங்க? ஆதாரம் சேக்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க."

"புகார் எழுதணும்னா முதல் வாரமே எழுதியிருப்பேனே. கண்ணாடிக்குப் பச்சை அடிச்சுட்டா எனக்குத் தெரியாதாக்கும்?"

"பின்ன எதுக்குத்தான் படிக்கிறீங்க?"

"நல்லாக் கேட்டீங்க! செத்தது நான். யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

கொன்றது யார் என்று சிக்ஸ்டனுக்கே இன்னும் தெரியாது. அதை இப்போது சொன்னால் இருக்கிற ஒரே வாசகியும் போய்விடுவாள்.

"அடுத்த வியாழக்கெழமை... வருவீங்கல்ல?" என்றார், மெதுவாக.

"நேர்ல இப்படியெல்லாம் பேசிக்கிட்டா வரமாட்டேன். படிக்கவே கூச்சமாயிடும்." கதவருகே திரும்பினாள். "விரிப்ப எடுங்க."

அடுத்த வாரம் மாடிப்படியில் இருவரும் எதிர்ப்படவே இல்லை. ஒருவர் இறங்கும் சத்தம் கேட்டால் மற்றவர் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டார், அந்தக் கட்டடத்தின் முறைப்படி.

வியாழன் பத்து மணிக்குப் பன்னிரண்டாம் அத்தியாயம் போனது. நான்காவது நொடியில் இதயங்கள். பத்து பதினொன்று: பேரிக்காய் இல்லை. பத்து இருபது: இல்லை. ரொட்டி ஆறிக் கல்லாகிவிட்டது. அவ்வளவுதான், பிடித்தேன், தொலைத்தேன் என்று சிக்ஸ்டன் கணினியை மூடப் போனார்.

பத்து இருபத்தாறுக்கு வந்தது. "இரண்டு முறை படித்தேன். செத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு கொடுத்திருக்கலாம். மேலும், துப்பறிவாளர் வடிகட்டியிலிருந்து பஞ்சை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கீழே போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது."

இரண்டு முறை படித்தாளாம். பத்து மணியிலிருந்து இருபத்தாறு நிமிடத்தில் இரண்டு முறை, கீழே போய் வந்ததையும் சேர்த்து? கணக்கு உதைத்தது. இரண்டாம் தடவை வேகமாகத்தான் படித்திருக்க வேண்டும். சிக்ஸ்டன் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கீழே இறங்கினார். முதல் மாடிக் கதவுக்குப் பின்னால் யாரோ அசையாமல் நிற்பது தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தை இரண்டிரண்டு படியாகத் தாண்டுவார். இன்று ஒவ்வொரு படியாக, சத்தம் கேட்கும்படி இறங்கினார்.