கால் கழுவிய குடம்

எங்கள் தெருக்குழாய் நாணயமானது. தண்ணீர் வராது என்று நினைத்தவர்களை அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை. நம்பிக் குடத்தோடு போனவர்களுக்கு மட்டும் கொஞ்சம் காற்றைக் கொடுத்து அனுப்பும்.

ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு ராயபுரத்தில் ரயில்வே குமாஸ்தா வேலை. மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த வயிற்றோடு லெவல் கிராசிங்கைத் தாண்டி, அடிபம்பிலிருந்து குடம் சுமந்தாள். கோட்டுப் போட்டு ஆபீஸ் போகிறவன் குடம் தூக்கினால் மரியாதை என்னாவது? எனவே எனக்குத் தெரிந்த வீரத்தைக் காட்டினேன். இன்னொரு குழாய் கேட்டு கார்ப்பரேஷனுக்கு மனு எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது.

அதிசயமாக ஒரு மத்தியானம் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தே விட்டார். குழாயைத் திருகினார். உஸ்ஸென்று காற்று. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். பிறகு வீடுகளையும் பார்க்க வேண்டும் என்றார். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் வீடு ஒரு துறைமுகத் தொழிலாளியுடையது. அவர் மனைவி உலைக்கு வைத்திருந்த தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து சொம்பு நிறையக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன்.

"சும்மா இரு நைனா. வூட்டுக்கு வந்த மன்சனுக்குத் தண்ணி குடுக்காத அனுப்புனா, தெரு மானம் இன்னா ஆவறது?"

அடுத்த வீட்டில் நீர்மோர். அதற்கடுத்த வீட்டில் முகம் கழுவ ஒரு செம்பு. கடைசியாக என் வீடு. மனு எழுதியவன் மட்டும் குறைந்து போவானா? வழியில் சாக்கடை தாண்டியதில் அதிகாரியின் காலெல்லாம் சேறு. "சார் கால் கழுவணும், தண்ணி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். காலையில் சுமந்து வந்த குடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தாள். சார் நிதானமாக இரண்டு காலையும் கழுவினார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவசரக்குடுக்கை நான், அவள் காதுபடவே படித்தேன். "பார்வையிட்ட வீடுகளில் குடிக்கவும் முகம் கழுவவும் தாராளமாகத் தண்ணீர் உள்ளது. மனுதாரர் வீட்டில் கால் கழுவவே ஒரு குடம் தருகிறார்கள். தட்டுப்பாடு இல்லை." மனுஷன் ஒரு வார்த்தை பொய் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் காலிக் குடத்தை என் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோட்டைக் கழற்றாமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அடிபம்பு வரிசையில் ஒரே சிரிப்பு. "இன்னா நைனா, பம்பாண்டயும் மனு குடுக்க வந்துக்கீறியா?"

திரும்பி வரும்போது லெவல் கிராசிங் வருவதற்குள் இரண்டு முறை இறக்கி வைத்தேன். ஒரு குடம் எவ்வளவு கனம் என்று மனுவில் நான் எழுதவே இல்லை.