பனிக்கட்டியில் வைக்காத குழாய்

ஸ்த்ராவ்கா அவமானத்தை மறக்கிற ரகம் இல்லை. வார்னா கடலோர ஆய்வுக்கூடத்தில் அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

சிப்பியின் விந்தணுவைத்தான் ஆராய்ந்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தலைக்குள் ஒரு முழ நீள டி.என்.ஏ. இழை அடங்க வேண்டும். மற்ற செல்களில் ஹிஸ்டோன் என்ற புரதங்கள் அதை நூல்கண்டு போலச் சுற்றி வைக்கின்றன. விந்தணுவிலோ, இன்னும் இறுக்கிக் கட்டும் வேறொரு புரதம். அது புதிதாகக் குதித்ததல்ல, பழைய ஹிஸ்டோன் ஒன்றே தலைமுறை தலைமுறையாக உருமாறி வந்தது என்று கண்டுபிடித்தவள் ஸ்த்ராவ்கா. வெளியான கட்டுரையிலோ எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், பேராசிரியர் கரஜோவின் பெயர் மட்டும் இருந்தது. கடைசி வரியில், சிப்பி கழுவித் தந்ததற்காக இவளுக்கு நன்றி! நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த கோடையில் விந்தணு மாதிரி இருந்த ஒரு குழாயைப் பனிக்கட்டியில் வைக்காமல் வேண்டுமென்றே ஜன்னலோரம் விட்டுவைத்தாள். சூடு பட்டால் செல்லின் நொதிகளே ஹிஸ்டோனைத் துண்டாக்கிவிடும். கெட்ட துண்டு எப்படித் தெரியும் என்று பார்த்துவைத்தால் பிறகு ஏமாற வேண்டாம். புரதங்களை அளவுவாரியாகக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் படத்தில் அது தனிக் கோடாக விழுந்தது. காய வைத்திருந்த அந்தப் படத்தைக் கரஜோவ் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போனார்.

மறுநாள், எங்கள் ஊரில் நல்ல சேதி உள்ளவர்கள் செய்வதுபோல், சாக்லேட் பெட்டியோடு வந்தார்.

“எடுத்துக்குங்க! ஹிஸ்டோனுக்கும் விந்தணுப் புரதத்துக்கும் நடுவுல இருந்த புரதம் நம்ம கையில சிக்கிருச்சு!”

ஸ்த்ராவ்கா இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

“சொல்லித் தொலையேண்டி,” என்றேன் அவர் போனதும்.

“என்னைக் கேட்டா எடுத்தாரு? சிப்பி கழுவுறவளுக்கு என்னடி தெரியும்?”

சோஃபியா நகரில் நடந்த மாநாட்டில் அந்தக் கோட்டைத் திரையில் காட்டி அரை மணி நேரம் முழங்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் ஸ்த்ராவ்கா எழுந்தாள்.

“அந்தக் குழாய் பனிக்கட்டியில இருந்துச்சா, புரொஃபசர்?”

அவர் முகம் வெளுத்தது. “அது… நீதானே தயார் பண்ணுன?”

“ஆமா, நான்தான். வெயில்ல வச்சுக் கெட விட்டதும் நான்தான். போன வருஷக் கட்டுரையையும் யாரு செஞ்சான்னு இப்படியே சொல்லிடுங்களேன்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

காபி இடைவேளையில் அவள் கைப்பையிலிருந்து சாக்லேட் பெட்டியொன்று வெளியே வந்தது. வார்னாவிலேயே வாங்கி வைத்திருக்கிறாள், ராட்சசி! எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் கரஜோவிடம் நீட்டினாள்.

“எடுத்துக்குங்க. இன்னைக்கு நல்ல சேதி எனக்கு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.