பன்றிக் காவலுக்கு வந்த தாமசின்

தாமசின் கெட்னி என்பவளை நல்லவள் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. வாய்த் துடுக்கு, அதற்கு மேல் பிடிவாதம். காலமெல்லாம் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?

சஃபோக் சீமையிலிருந்து புருஷனோடும் மகளோடும் கப்பலேறி வந்தாள். கடலுக்கு இக்கரையில் எங்கள் சால்ட் நெக் குடியேற்றத்தில் அப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். மீன் பிடிக்கப் போன புருஷன் முதல் குளிர்காலத்திலேயே கடலோடு போனான். குட்டி மகள் டாமரிஸ் அடுத்த வசந்தத்தில் காய்ச்சலில் போனாள். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தோம்.

எங்கள் பன்றிகள் காட்டிலும் தெருவிலும் இஷ்டத்துக்குத் திரிபவை. கரையில் சிப்பியைக் கிளறும், கொல்லையில் கிழங்கைக் கிளறும், புதுமண் என்றால் விடவே விடாது. அதனால் சீமையிலிருந்து கொண்டுவந்த பார்பெர்ரிச் செடியைப் பிள்ளையின் குழியைச் சுற்றி நெருக்கமாக நட்டாள். முள் என்றால் அப்படியொரு முள். எந்தப் பன்றியும் கிட்டே போகாது. அதன் பழத்தில் ஜாம் காய்ச்சி எங்களுக்கும் கொடுப்பாள்.

லண்டனில் ராஜாவின் தலையை வெட்டிய சேதி வந்த வருஷம் கோதுமைப் பயிரில் துருநோய் விழுந்தது. அடுத்த வருஷமும் விழுந்தது. உபவாசம் இருந்தோம், ஜெபித்தோம், கதிரில் பால் பிடிக்கவில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம்: துரு முதலில் விழுவது அந்த முள்வேலிப் பக்கத்து வயலில்தான். ஊர்க்கூட்டம் கூடி வேலியைப் பிடுங்கச் சொன்னது.

கூட்டத்தில் பெண்களுக்குப் பேச்சில்லை. அவள் கதவருகே நின்றுகொண்டே பேசினாள்.

"பிடுங்கிடறேன். நானும் ரொட்டி திங்கறவதான். ஆனா உங்க பன்னிய அடைச்சு வைங்க. எம் பொண்ணு அங்க கெடக்கா."

அடைத்து வைத்தால் தீனி யார் போடுவது? ஊரிலேயே அதிகப் பன்றி வைத்திருந்த எசக்கியேல் பிராட் சிரித்தான்.

"அவ்வளவு அக்கறைன்னா பன்னிக் காவல நீயே பாரேன், கெட்னியம்மா. புதுமாப்பிள்ள தலையில கட்டற வேல. இந்த வருஷம் ஊர்ல கல்யாணமே இல்ல."

கூடமே சிரித்தது. திரியும் பன்றியைப் பிடித்துப் பட்டியில் அடைக்கவேண்டும், அதுதான் அந்த வேலை. பேருக்கு ஓர் ஆளைப் போடுவோமே தவிர, ஒருவனும் செய்ததில்லை. சிரித்த வாக்கிலேயே எல்லோரும் கைதூக்கினார்கள்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று எழுத்தரைக் கேட்டாள்.

"எழுதியாச்சு."

"அப்ப சரி" என்று போய்விட்டாள்.

மறுநாள் வேலியை வேரோடு தோண்டி எரித்தாள். கையெல்லாம் ரத்தம். நான் கடப்பாரையோடு போனேன்.

"தள்ளி நில்லு, ஓபதியா. உன் பன்னிய வீட்டுல வச்சுக்க, அது போதும்."

பொழுது சாய்வதற்குள் பிராட்டின் பெரிய பன்றி பட்டியில் கிடந்தது. பிராட் வந்து குதித்தான்.

"வெளையாட்டுக்குச் சொன்னத நெசம்னு எடுத்துக்கிட்டியா?"

"நீங்க வெளையாடினீங்க, நான் வெளையாடல. போய்க் கொட்டில் கட்டிட்டு வந்து ஓட்டிட்டுப் போங்க."

அடுத்தது என் பன்றி. போதகருடையதையும் அவள் விடவில்லை. மறு வருஷம் வேறு ஆளைப் போடப் பார்த்தோம், ஒருவனும் வரவில்லை. திட்டிக்கொண்டே எல்லோரும் கொட்டில் கட்டினோம். அவள் கிழவியாகித் தடி ஊன்றிய பிறகும் காவலை விடவில்லை.

கோதுமை மட்டும் திரும்பவே இல்லை. பழத்தைத் தின்ற பறவைகள் அந்தச் செடியைக் காடெங்கும் விதைத்துவிட்டிருந்தன. சோள ரொட்டிக்குப் பழகிவிட்டோம். ஒரு பிள்ளையின் குழியைச் சுற்றியிருந்த வேலியை வீணாகத்தான் பிடுங்க வைத்திருக்கிறோம்.

போன இலையுதிர் காலத்தில் அவள் செத்தாள். மகளுக்குப் பக்கத்தில் குழி வெட்ட நானும் பிராட்டும் போனோம். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. பிராட் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"ஒத்தப் பன்னி மூக்கு வச்சதில்ல, ஓபதியா, இந்த மண்ணுல."

மத்தியானம் வரைக்கும் வெட்டினோம்.