படகில் வாயைப் பொத்தியிருந்த பெண்

பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய புகைப்படங்களைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். எல்லாம் ஒரே மனிதர் எடுத்தவை. சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் கேமராவும் தோள்பையுமாக இந்தப் பக்கமெல்லாம் அலைந்தவர். திருவள்ளூரில் இருக்கும் அவர் மகள் நெகட்டிவ் சுருள்களை என்னை நம்பிக் கொடுத்திருந்தார்.

எதிலும் தேதி கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் கிறுக்கு. நிழலைப் பார்த்துப் பொழுதைச் சொல்வேன். பயிரைப் பார்த்து மாதத்தைச் சொல்வேன்.

ஒரு படத்தில் மட்டும் அதோடு நிற்க முடியவில்லை. பழவேற்காடு ஏரியில் ஒரு படகு. முக்காடிட்ட இளம்பெண், வயதான ஒருத்திக்குப் பக்கத்தில், மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள், கண்ணில் நீர். அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு வாலிபன் தண்ணீரையே பார்க்கிறான். ஏரி தளும்பி நிற்பதால் மழை முடிந்த சமயம் என்று குறித்தேன். யாரோ இறந்த சேதி கேட்டுப் போகிறார்கள் என்றும் நானே முடிவுகட்டினேன். ‘சாவுச் செய்தி’ என்று தலைப்பு வைத்து, அழைப்பிதழின் முகப்பில் அச்சடித்தும் விட்டேன்.

திறப்பு விழா நெருங்கியபோது புதுவாயலிலிருந்து ஒருவர் போன் செய்தார். கம்பெனி ஆட்களுக்கு ஷூவும் கையுறையும் விற்கும் கடைக்காரர்.

“படகுல குந்திக்கினு இருக்கறது எங்க உம்மா சார். நல்லாதான் கீறாங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க படத்த நாங்க சுவத்துலகூட மாட்டறதில்ல. நீங்க மௌத்து, சாவுன்னு போட்டு ஊர் பூரா குடுத்துக்கினு கீறீங்க. இன்னா நியாயம் இது? நேர்ல வந்து கேளுங்க. அவங்க வேணான்னா அந்தப் படம் எங்கியும் இருக்கக் கூடாது.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் சுவரில் மிச்சமிருப்பவை வெறும் தகவல்கள் என்று எனக்குத் தோன்றியது. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்த பேருந்தில், பெரிய பிரதியை மடியில் வைத்தபடி புதுவாயல் போனேன்.

கடைக்குப் பின்னால் வீடு. தேநீர் வைத்தார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிரதியை நீட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை முகத்தருகே பிடித்தார். தோள்கள் குலுங்கின. அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அவர் கை வாய்க்குப் போனது, படத்தில் இருந்தது போலவே. பொத்தியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“சாவா? யாருப்பா செத்தது? சிரிப்ப அடக்க மாட்டாம நான்தான் செத்துக்கினு இருந்தேன்!”

மகன் விழித்தார். “இன்னா உம்மா சொல்ற?”

“கல்யாணம் ஆன புதுசு. உங்க வாப்பா அண்ணங்கிட்ட கோட்டு வாங்கி மாட்டிக்கினு போட்டோவுக்கு நின்னாரு. மூச்சப் புடிச்சிக்கினு, நெஞ்ச உப்பிக்கினு. அந்த ஆளு, எடுத்தாச்சு, போலாம்னாரு. இவரு புஸ்ஸுன்னு மூச்ச உட்டாரு பாரு, டயர்ல காத்து போன மாதிரி! மாமியா பக்கத்துலயே குந்திக்கினு கீறாங்க. நான் எப்பிடிச் சிரிக்கறது? வாயப் பொத்திக்கினேன். இவருக்குக் கோவம், திரும்பிக்கினாரு. அந்தத் திருட்டு மனுசன் அப்பதான் எடுத்திருக்கான்.”

சுருள்களையெல்லாம் ஏற்றி வைத்திருந்த மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்துத் திறந்தேன். அதே சுருளில் முந்தைய படத்தை, விறைப்பாக இருக்கிறதென்று ஒதுக்கி வைத்திருந்தேன். வாலிபன் நிமிர்ந்து நிற்கிறான். கோட்டின் கை விரல்நுனி வரை தொங்குகிறது. மற்ற சுருள்களையும் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் அதே முறைதான்: முதலில் ஜனங்கள் காட்ட விரும்பிய முகம், அடுத்ததில் ‘எடுத்தாச்சு’ என்று கேட்ட பிறகு வந்த முகம். இவ்வளவு நாளும் ஜோடி ஜோடியாக இருந்தவற்றைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன்.

“மழை முடிஞ்ச சமயமாம்மா அது?” என்று கேட்டேன்.

“ஆமா. அத மட்டும் கரெக்டா கண்டுபுடிச்சுட்ட.”

மகன் என்னைப் பார்த்தார், பிறகு தாயை. “மாட்டலாமா, வேணாமா? அதச் சொல்லு.”

“மாட்டட்டும். ஆனா அவரு கோட்டு போட்டு நிக்கறதையும் பக்கத்துல வெக்கணும். இல்லாட்டி எதுக்குச் சிரிச்சேன்னு எவனுக்குத் தெரியும்?”

“வாப்பா இருந்தா உட்டிருப்பாரா?”

“இப்பவும் திரும்பிக்கினுதான் நிப்பாரு. நீ மாட்டுப்பா.”

ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன்.