ஊறல் ஆராய்ச்சி

எங்கள் ஆய்வகத்துக்கு வெளிநாட்டு நிதி வந்த கதையை நான் இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லாமல் விடுவதில்லை. பீற்றல் என்றால் பீற்றல்தான். பெரிய அரசாங்கத் தொழிற்சாலைகளை மூடிவிட்டுப் புதிய பொருளாதாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில், ஆலையும் நடக்க வேண்டும், ஆறும் கெடக்கூடாது என்று செய்யும் ஆராய்ச்சிகளுக்கான நிதி அது. அப்படி ஒரு நாட்டின் ஆய்வகம், தென்காசிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தும் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: ஆராய்ச்சி முடிந்த பிறகும் அதைச் சொந்தமாக நடத்த ஓர் ஆலை சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அத்தோடு சரி.

வீரகேரளம்புதூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். அவிப்பதற்கு முன் நெல்லை ஊறவைத்து வடிக்கும் தண்ணீர், மஞ்சளாக, புளித்த வாடையோடு ஓடையில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தொட்டிகளில் சுத்தமாக்கி வயலுக்கு விடுவதுதான் என் ஆராய்ச்சி. ஒப்பந்தத்தில் ‘ஆலைக் கழிவுநீர்’ என்று எழுதிக்கொண்டு போனேன். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

“நெல்லு ஊறுன தண்ணியைக் கழிவுன்னு எழுதுதியளே டீச்சர்! நெல்லு லெச்சுமில்லா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு ‘நெல் ஊறல் நீர்’ என்று மாற்றினேன். கையெழுத்துப் போட்டார், சோதனைக்கு மட்டும். பிறகு நடத்துவீர்களா என்று கேட்கும்போதெல்லாம், “பாப்போம்” என்பார்.

மூன்றாவது வருஷம், சாரல் நேரத்தில், அந்த நாட்டிலிருந்து ஓர் அம்மாள் மதிப்பீடு செய்ய வந்தார். குற்றாலத்தில் தங்கவைத்து மறுநாள் காலையில் ஆலைக்கு அழைத்துப்போனேன். வாசலில் அண்ணாச்சி புதுப் பலகை மாட்டியிருந்தார்: ‘ஊறல் ஆராய்ச்சி நிலையம் – வெளிநாட்டு உதவியுடன்’. இடம் போதாமல் பெயிண்டர் ‘நெல்’லை விட்டுவிட்டான். சாராய ஊறலைத் தவிர வேறு ஊறல் அறியாத எவரோ போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். நாங்கள் இறங்க, பின்னாலேயே ஜீப் வந்து நின்றது.

எஸ்.ஐ. முதல் தொட்டியில் குனிந்து மோந்து பார்த்தார். “அண்ணாச்சி, இங்கன என்ன ஊறுது? வாடையே சரியில்லையே.”

“கழிவுத் தண்ணி சார்! என் மில்லுக் கழிவுத் தண்ணி!” என்று அலறினார் அண்ணாச்சி.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அதோடு விடவில்லை அவர். எதில் மண்டி படியும், எதில் நுண்ணுயிர் அழுக்கைத் தின்னும், கடைசித் தண்ணீர் ஏன் நாறாது என்று தொட்டி தொட்டியாக எஸ்.ஐ.யை இழுத்துக்கொண்டு போய் விளக்கினார். இத்தனை நாள் நான் சொன்னதில் ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! எஸ்.ஐ. கடைசித் தொட்டியில் கை விட்டுப் பார்த்து, “பலகையில நெல்லுன்னு சேருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்து, நாங்கள் போன பிறகும் அண்ணாச்சி இதை நடத்துவாரா என்று கேட்டார். அதையே அவரிடம் தமிழில் கேட்டேன்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “டீச்சர் ஏசப்பிடாது. ரிப்போர்ட் வாற வரைக்கும் வயலுக்கு விடாதியன்னு சொன்னிய. நான் கடைசித் தொட்டித் தண்ணியை ஒரு வயலுக்கு விட்டுட்டேன். பயிர் நல்லா நிக்கி. இனிமே நீங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.”

வேறொரு நாளாக இருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். அன்றைக்குப் பெருமையோடு அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன், ‘டீச்சர் ஏசப்பிடாது’ உட்பட.