இங்க் கழுவிய பிறகு

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டவை நீல நிறக் கால்கள். ஸ்ட்ரெச்சரில் கிடப்பது என் அக்கா என்பது அடுத்துத்தான் உறைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அக்கா வீட்டில் சமையல் கேஸுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அன்று மந்தைவெளி வீட்டில் பம்ப் ஸ்டவ் வெடித்துப் புடவையில் தீப்பிடித்தது. அக்காவின் கணவர், பள்ளி ஆசிரியர், ஜமுக்காளத்தைச் சுற்றி அணைத்தார். அதுவரை சரி. பிறகு பரீட்சைத் தாள் திருத்தும் மேஜையிலிருந்து இங்க் புட்டியை எடுத்துவந்து அவள்மேல் கவிழ்த்தார். தீப்புண்ணுக்கு இங்க் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பக்கத்து போர்ஷனிலிருந்தும் ஒரு பெரிய புட்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த இளம் டாக்டர், அக்காவின் கையை வைத்துக் கணக்கிட்டார். நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். நீலம் எத்தனை கை அளவு என்று பார்த்து, "ஐம்பத்தஞ்சு" என்றார். அதோடு அக்காவின் வயது நாற்பத்திரண்டைக் கூட்டினார். தொண்ணூற்றேழு.

"நூறுகிட்ட வந்தா எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

பத்திரிகை அலுவலகத்தில் தீ விபத்துச் செய்தி வந்தால் நாங்கள் முதலில் கேட்பதும் சதவீதத்தைத்தான். பாதிக்கு மேல் என்றால் 'கவலைக்கிடம்' என்று போட்டு, மறுநாள் பக்கத்தில் நான்கு வரிக்கு இடம் விட்டுவைப்போம். அந்த இடம் வீணானதாக நினைவில்லை.

"என்னப்பா சொல்றார்?" என்றார் மாமா. அக்கா கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"பெரிய டாக்டர் வந்து பாக்கணுமாம்."

வார்டு வாசலில் ஆயா அக்காவைப் பார்த்து நின்றுவிட்டாள். "இன்னா சார் இது? இங்க் தொட்டில வுயுந்துட்டாங்களா?"

மாமா தன் நீல விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பெரிய டாக்டரம்மா வந்ததும், கழுவாமல் எண்ணியது யார் என்று மட்டும் கேட்டார். திரைக்குப் பின்னால் கழுவத் தொடங்கினார்கள். அக்கா வலியில் அலறினாள். நடுவில் ஒருமுறை குரல் தெளிவாகக் கேட்டது: "ஏங்க, ரெண்டு புட்டியையுமா கொட்டுனீங்க?"

டாக்டரம்மா வெளியே வந்தார். "இங்குக்குக் கீழ பாதி நல்ல தோல். இருபத்தெட்டுதான். குரல் கம்மல, புகை உள்ள போகலைன்னு நெனைக்கிறேன். சீழ் பிடிக்காம பாத்துக்கிட்டா பொழைச்சுக்குவாங்க. திட்டினா திட்டட்டும்."

கூட்டிப் பார்த்தேன். எழுபது.

வாசல் டீக்கடையில் மாமா மூன்று பன் சாப்பிட்டார். நாலாவது டீக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? இங்க் ஊத்தினதாலதான் ஐம்பத்தஞ்சு இருபத்தெட்டாச்சு."

நான் இன்னொரு பன் வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா பல வாரங்கள் வார்டில் இருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து வயிற்றில் ஒட்டினார்கள். மாலைப் பார்வை நேரத்தில் அவள் படுத்தபடியே ரசத்துக்குப் பக்குவம் சொல்வாள். மாமா மறுநாள் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் திட்டுவாள். பத்திரிகையில் ராத்திரி வேலைக்குப் போகிற வழியில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து மீதி ரசத்தைக் குடிப்பேன். அவள் சொன்ன அளவுக்கு மோசமில்லை.

அவள் வீடு திரும்பிய மாதம் கேஸ் சிலிண்டர் வந்தது. அடுப்பு மேடைக்கு மேல், தீப்பெட்டிக்குப் பக்கத்தில், மாமா ஒரு புது இங்க் புட்டி வாங்கி வைத்திருந்தார்.