தோற்ற அன்று போர்த்திய பொன்னாடை

வலித் தைலத்தின் வாசனை. நடவு நாட்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்கள் கிளினிக்குக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அது உள்ளே வந்துவிடும். அவர்களுக்கு அது இடுப்பு. எனக்கு கெண்டைக்கால், ஈரப் புல், விசில். ஸ்டெதஸ்கோப்பை வைத்த கை அப்படியே நின்றுவிடும். "என்னங்க டாக்டரு, பெரிய வியாதியா?" என்று பயந்து கேட்பார்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா என்பேன்.

மயிலாடுதுறையில் நான் கிளினிக் திறந்த புதிது. தெருவுக்கொரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர் வளைகுடாவில் வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டார். கல்லூரி முதல்வர் ஒரு பாதிரியார். சர்க்கரைக்கு என்னிடம் வருபவர். படிக்கிற காலத்தில் நான் கால்பந்து ஆடியதை அவரிடம் எப்போதோ பெருமையாக உளறியிருக்கிறேன். "ஒரு சீசன் மட்டும் பாத்துக்குங்க டாக்டர். காலம் பூரா ஊசியே போட்டுக்கிட்டிருக்கப் போறீங்களா?" என்றார். எனக்கும் ஊசி அலுத்திருந்தது.

பையன்கள் என்னை ஒருநாளும் கோச் என்று கூப்பிடவில்லை. "டாக்டர் சார், இன்னைக்கு ஓட்டம் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். சந்தோஷமான மாலைகள்தான், அதை மறைப்பானேன்.

அவர்களில் ஒருவன் நன்னிலம் பக்கம். கடைசி வருஷம். அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு வயலில் இறங்குபவர்கள். முன்வரிசையில் ஆடுவான், மடை திறந்த பக்கம் தண்ணீர் போவதுபோல் பந்து அவன் பின்னால் போகும். சென்னையில் ஓர் ஆபீஸ் டீமுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுப்பவர் தஞ்சாவூர் இறுதி ஆட்டத்துக்கு வருகிறார், ஜெயிக்கிற அணியிலிருந்துதான் எடுப்பார் என்று செய்தி வந்தது. "ஆபீஸ் டீமெல்லாம் ஒண்ணொண்ணாக் கலைக்கிறாங்க சார். இருக்கும்போதே ஏறிக்கணும்" என்றான்.

தஞ்சாவூரில் அந்த இறுதி ஆட்டம் முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் நன்னிலம் பையன் எதிரணித் தடுப்பாளனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டான். துரத்திய தடுப்பாளன் என் கண்ணெதிரே விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். ரெஃப்ரி ஊதவில்லை. ஆட்டம் நடக்கிறது. மைதானமே பந்தைப் பார்க்கிறது, நான் காலைப் பார்க்கிறேன். அலறலை நோக்கி ஓடிப் பழகிய உடம்பு. பையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

என்னைக் கண்டு ரெஃப்ரி விசில் ஊதினார். ஊதிய பிறகுதான் பந்து வலைக்குள் போனது. பையன் கைகளை விரித்துக்கொண்டு ஓடி, யாரும் கூட ஓடி வராததைப் பார்த்து நின்றான். கோல் செல்லாது.

விழுந்தவனுக்குக் கெண்டைக்காலில் வெறும் பிடிப்பு. பாதத்தை மேல்நோக்கி அழுத்தினேன். எழுந்து நின்று "தேங்க்ஸ் சார்" என்றான். அடுத்த சில நிமிடங்களில் அவர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

ஓடியதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கம் அதற்கப்புறம். பரிசளிப்பில் தலைமை தாங்கியவர் மைக்கில் என்னை மனிதருள் மாணிக்கம் என்றார். எதிரணிப் பிள்ளைக்காகக் கோப்பையையே துறந்தவராம் நான். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்றிருக்கலாம். பழக்க தோஷம் என்று ஒரு வார்த்தை மைக்கில் சொல்லியிருக்கலாம். போட்டோக்காரர் "இப்படிப் பாருங்க சார்" என்றதும் திரும்பி நின்று, புன்னகைத்தேன். கீழே புல்லில் உட்கார்ந்திருந்த என் பையன்கள் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். ஆள் எடுக்க வந்தவர் ஜெயித்த அணிக்காரன் ஒருவனின் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வேனில் அந்தப் பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தால் ஜரிகை சரசரத்தது. "போத்திக்குங்க டாக்டர் சார், காத்தடிக்குது" என்றான் கோல்கீப்பர். குத்தலா, கரிசனமா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சீசன் முடிந்ததும் நானே விலகிக்கொண்டேன்.

மறு வருஷம் அந்த நன்னிலம் பையன் கிளினிக்குக்கு வந்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். பட்டையைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தது.

"நான் உள்ள வந்ததாலதான் உனக்கு வேலை போச்சு. உங்க வீட்டுக்கு வந்து நானே சொல்லிடறேன்."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே எழுந்தான்.

"வேணாம் சார். அம்மா உங்ககிட்டதான் வைத்தியத்துக்கு வருது. ரெஃப்ரி கெடுத்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும்."